சீசர் பாதியிலயே செத்துட்டா மீதிக் கதை யாரோடது?

கேள்வி: ஷேக்ஸ்பியரோட ஜூலியஸ் சீசர் நாடகம் இப்பதான் படிச்சு முடிச்சேன். மூணாவது அங்கம் ஆரம்பத்துலயே சீசரைக் குத்திக் கொன்னுடுறாங்க, அப்புறமும் கதை போய்க்கிட்டே இருக்கு. அப்ப ஹீரோ யாரு? புரூட்டஸ் நல்லவனா, துரோகியா?

பதில்: ஹீரோ புரூட்டஸ்தான், நண்பனா இருந்தும் சீசரைக் குத்தினவன், எனக்கு இதுல சந்தேகமே இல்ல. "நீயுமா புரூட்டஸ்"ங்கற ஒரே வரியைக் கேட்டுக் கேட்டு அவன் பேர்னாலே துரோகின்னு நமக்குப் பதிஞ்சு போச்சு, ஆனா நாடகத்துல அதிகமா பேசறது அவன்தான், சீசருக்கு வசனம் ரொம்ப கம்மி. ரெண்டாவது அங்கத்துல ராத்திரி தோட்டத்துல அவன் தனியா யோசிக்கற இடத்தை மறுபடி படிங்க. சீசர் மேல எனக்கு சொந்தப் பகை இல்ல, ஆனா மகுடம் வச்சா ஆளு மாறிடலாம், பாம்பை முட்டையில இருக்கும்போதே கொன்னுடணும்னு முடிவுக்கு வர்றான். இன்னும் நடக்காத குத்தத்துக்கு தண்டனை! இதுல கொலைக்குத் திட்டம் போட்ட காசியஸ் வேற, ஊர் ஜனங்க எழுதின மாதிரி பொய்க் கடுதாசி எழுதி ஜன்னல் வழியா போட வைக்கிறான், இவன் அப்படியே நம்பிடறான். தான் ஏமாத்த மாட்டான், அதனால அடுத்தவனும் ஏமாத்த மாட்டான்னு நினைக்கறான், அவன் சரிவு பூராவும் இதுலேருந்துதான். சீசரோட நண்பன் ஆன்டனியையும் சேத்து முடிச்சிடலாம்னு காசியஸ் சொல்றான், புரூட்டஸ் வேணாம்ங்கறான். ஜனங்க முன்னாடி பேச ஆன்டனியை மேடை ஏத்தாதேன்னு காசியஸ் சொல்றான், புரூட்டஸ் ஏத்தறான். அப்புறம் சண்டை வந்தப்ப, ஃபிலிப்பைங்கற ஊருக்கு நாம போக வேணாம், எதிரி நம்மளைத் தேடி வந்து களைச்சுப் போகட்டும்னு சொல்றான், அதையும் கேக்கல. மூணு தடவையும் காசியஸ் கணக்குதான் சரி, மூணு தடவையும் ஜெயிச்சது புரூட்டஸ் பேச்சு. நல்லவன்தான், ஆனா அவன் நல்ல குணமே கூட இருந்தவங்களையும் சேத்துக் கவுத்துடுது.

பேரு சீசர்னு இருக்கறதும் பொருத்தம்தான். செத்தப்புறம் ஆவியா வந்து ஃபிலிப்பையில பாக்கறேன்னு சொல்லிட்டுப் போறாரே, கடைசியில காசியஸ் சாகறப்பவும் சரி, புரூட்டஸ் சாகறப்பவும் சரி, வாயில வர்ற பேரு சீசர்தான்.

கேள்வி: நாடகத்துல வர்றதெல்லாம் நிஜமா நடந்ததா?

பதில்: முக்கால்வாசி, பழங்கால கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதின வாழ்க்கை வரலாறுகள்லேருந்து எடுத்தது, 1579-ல வந்த இங்கிலீஷ் மொழிபெயர்ப்பைத்தான் ஷேக்ஸ்பியர் படிச்சாரு. காலத்தை மட்டும் நல்லா சுருக்கிட்டாரு. சீசர் செத்தது கி.மு. 44 மார்ச் 15, ஃபிலிப்பை சண்டை கி.மு. 42 அக்டோபர். அங்க கிட்டத்தட்ட மூணு வார இடைவெளியில ரெண்டு சண்டை நடந்துச்சு, நாடகத்துல ஒரே நாள்ல முடிஞ்சிடும். உடம்புல 23 காயம்னு வரலாறு சொல்லுது, நாடகத்துல 33.

கேள்வி: சீசர் செத்தப்புறம் ஜனங்க முன்னாடி புரூட்டஸும் நல்லாத்தானே பேசினான், அப்புறம் ஆன்டனி பேசினதும் கூட்டம் ஏன் அப்படி மாறுச்சு?

பதில்: எனக்கு இந்த நாடகத்துலயே ரொம்பப் பிடிச்ச இடம் இது. புரூட்டஸ் உரைநடையில, வக்கீல் மாதிரி காரணம் அடுக்கிப் பேசறான், சீசர் மேல அன்பு இருந்துச்சு, ரோம் மேல அதைவிட அதிகம்ங்கறான். கூட்டம் கை தட்டுது, ஆனா அதுல ஒருத்தன் என்ன சொல்றான் பாருங்க, இவனையே சீசர் ஆக்குங்கங்கறான்! ராஜாவே வேணாம்னு கொலை பண்ணினவன்கிட்ட! பேச்சு ஒருத்தனுக்கும் உள்ள போகலைன்னு அங்கயே தெரிஞ்சிடுது, ஆனா புரூட்டஸ் அதைக் கவனிக்காம ஆன்டனியை விட்டுட்டுக் கிளம்பிடறான்.

ஆன்டனி காரணமே சொல்றதில்ல, பொருளைக் காட்டறான். சீசரோட உயிலை எடுத்துக் காட்டிட்டு படிக்க மாட்டேங்கறான், கீழ இறங்கி வந்து சீசரோட அங்கியைக் காட்டி இது காசியஸ் குத்தின ஓட்டை, இது காஸ்கா, இது புரூட்டஸ்னு விரல் வச்சு சொல்றான். கொலை நடக்கறப்ப அவன் அங்க இல்லவே இல்ல, சதியில இருந்த ட்ரெபோனியஸ் முன்னாடியே வெளிய கூட்டிட்டுப் போயிட்டான், அப்ப எந்த ஓட்டை யாருதுன்னு எப்படித் தெரியும்? யாருமே கேக்கல. ஜனங்க வெறி பிடிச்சு ஓட ஆரம்பிச்சப்புறம், உயிலை மறந்துட்டீங்களேன்னு திரும்பக் கூப்பிட்டு, ஆளுக்கு 75 டிராக்மா (அந்தக் காலத்துக் காசு) சீசர் எழுதி வச்சிருக்காருன்னு படிக்கிறான். அடுத்த அங்கத்தோட முதல் காட்சியை வேகமா தாண்டிடாதீங்க, அதே ஆன்டனி உக்காந்து, அந்த உயிலைக் கொண்டா, குடுக்கற பணத்துல எவ்வளவு வெட்டலாம்னு பாப்போம்னு கூட்டாளி லெபிடஸை அனுப்பறான்.