பிக்கப்புக்கு 35 அங்குல டயர்: டிஃப் கியரை மட்டும் மாற்றினால் போதுமா?

கேட்டவர் சிங்கப்பூரில் ஹைலக்ஸ் ஓட்டுகிறவர். இப்போது இருப்பது 17 அங்குல ரிம்மில் மாட்டும் 265/65 டயர். டயரின் மொத்த விட்டம் 35 அங்குலமாக இருக்கும் அளவுக்குப் போக ஆசை. டிஃப் கியரை, அதாவது இரு பக்கச் சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலின் பல்சக்கரத்தை, மாற்றினால் சரியாகிவிடுமா, ஆக்சிலையும் தொட வேண்டுமா என்று கேட்கிறார்.

35-க்குக் கியர் மட்டும் போதாது. 33 என்றால் பெரும்பாலும் இரண்டுமே வேண்டாம். காக்கி புக்கிட் பக்கம் பட்டறையில் வேலை பார்க்கிறேன். இதே ஆசையோடு வருகிறவர்களிடம் சொல்வதுதான்: கியரை மாற்றினால் இழுவை திரும்பும், ஆக்சிலுக்கு அதனால் வலு கூடாது.

முதலில் கணக்கு. உங்கள் டயரின் விட்டம் சுமார் 776 மி.மீ. 35 அங்குலம் என்றால் 889. பதினான்கு, பதினைந்து விழுக்காடு அதிகம். இப்போதைய டிஃப் விகிதம், அதாவது சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற டிஃபுக்கு வரும் தண்டு எத்தனை சுற்றுச் சுற்ற வேண்டும் என்பது, 3.9 என்று வைத்துக்கொள்வோம். அதைப் புது விட்டத்தால் பெருக்கிப் பழைய விட்டத்தால் வகுத்தால் 4.47 வரும். கடையில் கிடைக்கும் விகிதங்களில் அதற்கு அடுத்து மேலே இருப்பது 4.56. டயரின் எடையும் கூடுவதால் மேலே இருப்பதை எடுப்பதே வழக்கம். அதற்காக ஒரேயடியாக 4.88-க்குத் தாவ வேண்டாம். 4.10 என்பது கிரவுனில் (டிஃபின் பெரிய பல்சக்கரம்) 41 பல், பினியனில் (அதைச் சுழற்றும் சிறிய பல்சக்கரம்) 10. 4.56-இல் பினியனுக்கு 9 பல், 4.88-இல் வெறும் 8. கிரவுன் அதே அளவில் இருக்க, பினியன் சிறுத்துக்கொண்டே போகிறது. சிறுத்தால் வலுவும் குறையும்.

முன் டிஃபையும் அதே விகிதத்துக்கு மாற்றியாக வேண்டும். பின்பக்கம் மட்டும் மாற்றிவிட்டு ஃபோர் வீலைப் போட்டால் முன்னும் பின்னும் ஒன்றையொன்று எதிர்த்து இழுத்து, முன்னுக்கும் பின்னுக்கும் விசையைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் நொந்துபோகும். செலவு இரட்டிப்பாவது இங்கேதான்.

இனி ஆக்சில். டிஃப் விகிதத்தைக் கூட்டினால் என்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் பாரம் குறையும். டிஃபுக்கு அப்பால், அதிலிருந்து சக்கரத்துக்குப் போகும் தண்டான ஹாஃப் ஷாஃப்டுக்கு அந்த நிம்மதி கிடையாது. டயரின் ஆரம் கூடினால் அதே பிடிமானத்துக்கு ஷாஃப்ட் தாங்க வேண்டிய முறுக்கமும் அதே அளவு கூடும். கூடிய விகிதத்தில் என்ஜின் இன்னும் அதிக முறுக்கத்தை அனுப்பவும் முடியும். சேற்றில் சும்மா சுழன்ற சக்கரம் திடீரென்று கல்லைப் பிடிக்கும் நொடியில்தான் உடையும். இரு பக்கச் சக்கரங்களையும் ஒன்றாகப் பூட்டும் டிஃப் லாக் போட்டிருந்தால் மொத்த முறுக்கமும் ஒரே ஷாஃப்டில் விழலாம். வண்டியை உயர்த்தியிருந்தால் முன் சக்கரத்துக்குச் சுழற்சியைக் கடத்தும் மூட்டான சிவி ஜாயின்ட் கோணலாக நின்று சுழலும். முதலில் போவது பெரும்பாலும் அதுதான். இந்த வகைப் பிக்கப்பின் பின் ஆக்சிலில் வண்டியின் எடையையும் அதே ஷாஃப்ட்தான் தாங்குகிறது. பெரிய டயர் உரசாமல் இருக்க ரிம்மை வெளியே தள்ளினால் பேரிங்குக்கும் கூடுதல் சுமை. பிரேக்கைப் பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை, நிற்கும் தூரம் நீளும்.

அப்புறம் நம் ஊர் சங்கதி. டயர் மட்கார்டுக்கு வெளியே நீட்டினால் வண்டி ஆய்வில் தேறாது. மற்ற மாற்றங்களைப் பணம் கட்டுவதற்கு முன்பே நிலப் போக்குவரத்து ஆணையத்திடம் கேட்டுவிடுங்கள். பின்னால் ஒட்டியிருக்கும் அந்த வட்டமான 70 வேக வரம்பு ஸ்டிக்கரையும் மறக்காதீர்கள்: மீட்டரைத் திருத்தாமல் 35 போட்டால், பழைய டயரில் 70 ஓடிய அதே முள் நிலையில் இப்போது 80 ஓடுவீர்கள். கேமராவுக்கு உங்கள் டயர் கதை தெரியாது.

நான் சொல்வது 33 அங்குல வகை: அதே 17 அங்குல ரிம்மில் 285/70 டயர். விட்டம் சுமார் 831 மி.மீ., கூடுதல் 7 விழுக்காடு. 3.9 கியர் 3.64 போல நடந்துகொள்ளும். இந்தச் சமதரைத் தீவில் அது தெரியவே தெரியாது. சுமையோடு மலேசியாவின் கராக் மலைச்சாலை ஏற்றம் ஏறும்போது ஒரு கியர் இறக்கினால் போதும். ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பினால் எங்காவது உரசுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இல்லை, 35-தான் என்றால், கிரவுன் பினியன் பொருத்துகிறவரிடம் பற்கள் சரியாகப் பொருந்துகின்றனவா என்று பார்க்க, பல்லில் சாயம் தடவி எடுத்த தடத்தைக் காட்டச் சொல்லுங்கள். முதல் 800 கிலோமீட்டர் வரை பாரம் இழுக்காமல் ஓட்டி, டிஃப் ஆயிலை மாற்றுங்கள். ஆக்சிலரேட்டரை விடும்போது ஊளைச் சத்தம் வந்தால், ஓட ஓடச் சரியாகும் என்பார்கள். ஆகாது, திரும்பக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.