பாடத்துக்கும் காய்ச்சலும் பாய்ச்சலும் வேண்டும்

கேள்வி: என் மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். ராத்திரி பன்னிரண்டு மணி வரைக்கும் ஒரே பாடத்தைத் திரும்பத் திரும்பச் சத்தம் போட்டுப் படிக்கிறாள். படுக்கும்போது கேட்டால் கடகடவென்று ஒப்பிக்கிறாள், பரீட்சையில் பாதி மறந்துவிடுகிறது. நான் எட்டாவதுதான் படித்தவள். எப்படி உதவுவது?
- ஒரு வாசகி, நீடாமங்கலம்

பதில்: அம்மா, உங்கள் மகளிடம் குறை இல்லை, படிக்கிற முறையில்தான் கோளாறு. 2006-ல் அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு ஆய்வாளர்கள் கல்லூரி மாணவர்களை வைத்து இதைச் சோதித்தார்கள். ஒரு பகுதியைப் படித்த பிறகு சிலர் அதையே மறுபடி படித்தார்கள், சிலர் பார்க்காமல் எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மறுபடி படித்தவர்கள்தான் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துத் தலைகீழ்: எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 சதவீதம் நினைவிருந்தது, மற்றவர்களுக்கு 42. படுக்கும்போது அவள் கடகடவென்று ஒப்பிப்பது அந்த ஐந்து நிமிட ஞாபகம்தான்.

அதனால் ஒரு தடவை நிதானமாகப் படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, நினைவுக்கு வருவதை வெறும் தாளில் எழுதட்டும், விட்டுப்போனதை அப்புறம் திறந்து பார்த்துக்கொள்ளட்டும். முதல் சில நாள் பாதிகூட வராது, அழுகையே வரும், விடாதீர்கள், அந்தச் சிரமத்தில்தான் பாடம் மனதில் ஏறுகிறது. மறுநாள் ஒரு தடவை, நாலு நாள் விட்டு ஒரு தடவை, பிறகு ஒரு வாரம் விட்டு. நம் பக்கம் வயலைக் கொஞ்சம் காயவிட்டு, அப்புறம் மறுபடி பாய்ச்சி, காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கட்டுகிறோமே, அதே கணக்கு. லேசாக மறக்க ஆரம்பிக்கும்போது திரும்ப நினைவுக்குக் கொண்டுவந்தால் நன்றாகப் பிடித்துக்கொள்ளும்.

கணக்குக்கு கைடை முதலிலேயே திறக்க வேண்டாம். கும்பகோணத்தில் படித்த ராமானுஜன் கையில் கிடைத்த கார் என்பவரின் கணிதத் தொகுப்பில் ஆயிரக்கணக்கில் முடிவுகள் இருந்தன, விளக்கம் சொற்பம்தான். அவற்றை அவர் பலகையில் தானே போட்டுப் பார்த்தார்.

பன்னிரண்டு மணி வரை விழிப்பது வேண்டவே வேண்டாம், படித்தது பதிவதற்குத் தூக்கம் அவசியம். பத்து மணிக்குப் படுக்கட்டும். செல்போன் வேறு அறையில் இருக்கட்டும்.

சரி, நீங்கள் என்ன செய்வது? கீரை ஆயும்போது பக்கத்தில் உட்கார வைத்து, "இன்னிக்கு என்ன பாடம், எனக்குப் புரியிற மாதிரி சொல்லு" என்று கேளுங்கள். பாடம் உங்களுக்குத் தெரியாது என்பதுதான் இங்கே நல்லது. மேலோட்டமாகச் சொன்னால் உங்களுக்குப் புரியாது, "அது ஏன் அப்படி?" என்று கேட்பீர்கள். எங்கே தடுமாறுகிறாளோ, அந்தப் பக்கத்தில் ஒரு தாளை வைக்கச் சொல்லுங்கள், மறுநாள் படிப்பை அங்கிருந்து தொடங்கலாம்.