கட்-ஆஃபை நகர்த்தினால் ஃபில்டர் ஏன் கெடுகிறது?

கேள்வி: என் ரிசீவருக்கு மூன்று உறுப்பு பட்டர்வொர்த் (மேடுபள்ளம் இல்லாத வளைவு தரும் வகை) லோ-பாஸ் ஃபில்டர் செய்திருக்கிறேன். இரு பக்கமும் வேரக்டர் டயோடு (வோல்டேஜுக்கு ஏற்பக் கெபாசிட்டன்ஸ் மாறும் டயோடு), நடுவில் காயில். கட்-ஆஃப் (ஃபில்டர் தடுக்கத் தொடங்கும் அதிர்வெண்) 30 மெகாஹெர்ட்ஸில் இருக்கும்போது நன்றாக வேலை செய்கிறது. பையாஸை, அதாவது டயோடுக்குக் கொடுக்கும் டிசி வோல்டேஜை, குறைத்து கட்-ஆஃபை 15-க்கு இறக்கினால் 7.5 மெகாஹெர்ட்ஸ் பக்கம் 1 டெசிபல் பள்ளம் விழுகிறது. டயோடு பழுதா?

பதில்: டயோடு மேல் பழி போடாதீர்கள். நீங்கள் அளந்தது அப்படியே சரி. கணக்குப் போட்டாலும் அதே பள்ளம்தான் வருகிறது.

50 ஓமுக்கு 30 மெகாஹெர்ட்ஸ் என்றால் பக்கத்துக்கு 106 பிகோஃபாரட், நடுவில் 530 நானோஹென்றி. காயிலைத் தொடாமல் கட்-ஆஃபைப் பாதியாக்க, கெபாசிட்டரை நான்கு மடங்கு, அதாவது 424 ஆக்கியிருப்பீர்கள். அங்கேதான் வினை. ஃபில்டரின் இம்பீடன்ஸும் கூடவே பாதியாகி 25 ஓமுக்கு வந்துவிட்டது. இரு முனையிலும் இருப்பதோ 50. பட்டர்வொர்த்தாகப் பிறந்தது இப்போது 1 டெசிபல் ரிப்பிள் (மேடுபள்ளம்) உள்ள செபிஷெவ் வகை ஃபில்டர். மூன்று டெசிபல் புள்ளியையும் (சிக்னலின் பவர் பாதியாகும் இடம்) பாருங்கள், 15-இல் இருக்காது, 16.5-ஐ ஒட்டி இருக்கும்.

வளைவு மாறாமல் இருக்க இரண்டையும் சேர்த்தே இரட்டிப்பாக்க வேண்டும்: 212 பிகோஃபாரட், 1060 நானோஹென்றி. அதனால் நான் எப்போதும் சொல்வது, இரண்டு தனி ஃபில்டர் கட்டி ரிலேயால் மாற்றுங்கள். ஓய்வில் இருக்கும் ஃபில்டரின் இரு முனையையும் கிரவுண்டில் சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் தடுக்க நினைத்த சிக்னல் அதன் வழியே கசிந்து வரும். வேரக்டரை விட மனமில்லையா? சிறு திருத்தத்துக்கு மட்டும் வையுங்கள், இரண்டை எதிரெதிராகச் சேர்த்து. காரணம், பையாஸ் குறைவாக இருக்கும்போது பலமான சிக்னலே அதன் கெபாசிட்டன்ஸை ஆட்டி, வானில் இல்லாத ஸ்டேஷன்களைக் காட்டும்.

மிக்ஸருக்கு (சிக்னலின் அதிர்வெண்ணை மாற்றும் பகுதிக்கு) பின்னால் பேண்ட்விட்த்தை மாற்றுவதுதான் உங்கள் நோக்கம் என்றால் இந்தப் பாடே வேண்டாம். அங்கே அதிர்வெண் தாழ்வு. ஆப்-ஆம்ப் ஃபில்டரில் ரெசிஸ்டர்களை ஸ்விட்ச் செய்தாலே போதும், வளைவு கெடாது.

கேள்வி: 10 வாட் டிரான்ஸ்மிட்டரின் அவுட்புட்டில் வேரக்டர் ஃபில்டர் வைக்கலாமா?

பதில்: கூடவே கூடாது. 10 வாட் 50 ஓமில் ஏறத்தாழ 32 வோல்ட் உச்சம் தொடும். பையாஸ் அதைவிடக் குறைவாக இருந்தால் டயோடு ஒவ்வொரு சுற்றிலும் கடத்தத் தொடங்கி, நீங்கள் வடிகட்ட நினைத்த ஹார்மோனிக்குகளை (அதிர்வெண்ணின் மடங்குகளில் வரும் வேண்டாத சிக்னல்களை) தானே உண்டாக்கும். அந்த இடத்தில் ரிலேயும் டொராய்டு காயிலும் மைக்கா கெபாசிட்டரும் போடுங்கள்.