ஆம்னியில் கடலோரப் பயணம்: வண்டி வேலை, உப்புக்காற்று, ராத்தங்கல் பற்றிய கேள்வி பதில்

பழைய மாருதி ஆம்னியின் பின்பக்கம் படுக்கை போட்டு, ஈசிஆர் என்கிற கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் தெற்கே குமரி வரையிலும் குடும்பத்தோடு சுற்றுகிறவன் நான். அந்த வண்டியின் சில்லறை வேலைகளை வீட்டு வாசலிலேயே பார்த்துக்கொள்கிறேன். அதைப் பற்றி நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணே, ஸ்பேனர் பிடித்தே பழக்கமில்லை. அப்பாவின் 2012 மாடல் ஆம்னி கைக்கு வந்திருக்கிறது. எங்கே ஆரம்பிப்பது?

பழகுவதற்கு இதைவிட நல்ல வண்டி இல்லை தம்பி. 796 சிசி, மூன்று சிலிண்டர், எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில், சீட்டைத் தூக்கினால் பாதி வண்டி கண் முன்னால் இருக்கும். 2019-இல் தயாரிப்பை நிறுத்திவிட்டாலும் சாமான் தட்டுப்பாடு இல்லை.

முதல் ஒரு வாரம் எதையும் கழற்றாதீர்கள். தினமும் காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில், ஃபேன் பெல்ட் நாலையும் பாருங்கள், நேற்று இருந்த மட்டத்தில் இன்று இருக்கிறதா என்று மட்டும். வண்டியின் இயல்பு நிலை கண்ணுக்குப் பழகிவிட்டால் கோளாறு தானாகவே தெரியும்.

அப்புறம் ஸ்பார்க் பிளக். ஒயரை ஒவ்வொன்றாகத்தான் கழற்றி மாட்ட வேண்டும், மூன்றையும் ஒரே நேரத்தில் உருவினால் இடம் மாறிவிடும். கழற்றிய பிளக்கின் நுனியைப் பாருங்கள். இளம்பழுப்பாக இருந்தால் எஞ்சின் நன்றாக எரிகிறது. காய்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது அல்லது காற்று போதவில்லை, முதலில் ஏர் ஃபில்டரைப் பாருங்கள். ஆயில் பிசுபிசுப்பு இருந்தால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். திரும்ப மாட்டும்போது முதல் சில சுற்று விரலால்தான் ஏற்ற வேண்டும், விரலுக்கு ஏறாத பிளக்கை ஸ்பேனர் போட்டு ஏற்றினால் மரை போய்விடும், அந்தச் செலவு பெரியது.

கேள்வி: ஆயில் மாற்றுவதை வீட்டிலேயே செய்யலாமா?

தாராளமாக. கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு, ஆயில் வெதுவெதுப்பாக இருக்கும்போது வடியுங்கள். பழைய ஃபில்டரைக் கழற்றியதும் அதன் ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள், நிறையப் பேர் இதை விட்டுவிடுகிறார்கள். அதன்மேல் புது ஃபில்டரைப் போட்டால் ஆயில் முழுக்க ஒழுகிவிடும். புது வளையத்தில் கொஞ்சம் ஆயில் தடவி, கையாலேயே இறுக்கினால் போதும். பழைய ஆயிலை சாக்கடையில் ஊற்றாதீர்கள், கேனில் பிடித்து ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள், வாங்கிக்கொள்வார்கள்.

கேள்வி: ஜாக்கி போட்டு அடியில் படுத்து வேலை பார்க்கலாமா சார்?

ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் கூடாது. ஜாக்கி வண்டியைத் தூக்கத்தான். தூக்கிய வண்டியைத் தாங்க இரும்பு ஸ்டாண்டு வேண்டும். செங்கல், ஹாலோ பிளாக் அடுக்குவதும் வேண்டாம், சட்டென்று நொறுங்கிவிடும். தரை கெட்டியாக, சமமாக இருக்கட்டும், தரையில் நிற்கும் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுங்கள். ஸ்டாண்டு வாங்கும்வரை அடியில் போகாத வேலைகளை மட்டும் பாருங்கள்.

பிரேக்கையும் ஸ்டீயரிங்கையும் பழகிய ஒருவர் பக்கத்தில் நின்று சொல்லித்தந்த பிறகு தொடுங்கள். வீடியோ பார்த்துக் கற்கிற வேலை அது இல்லை என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: கடலோரமாக ஓட்டினால் வண்டி துருப்பிடித்துவிடும் என்று பயமுறுத்துகிறார்கள். உண்மையா?

உண்மைதான், ஆனால் அதற்காகப் போகாமல் இருக்க வேண்டாம். திரும்பி வந்த மறுநாள் வேலை இருக்கிறது என்று தெரிந்து போனால் சரி.

உப்புக்காற்று மேல் பெயின்ட்டை அவ்வளவாகக் கெடுக்காது, ஒளிந்திருக்கும் இடங்களைத்தான் தின்னும். சக்கரத்துக்கு மேல் உள்ள வளைவு, பக்கக் கதவு ஓடும் தண்டவாளம், சைலன்சர் இணைப்பு, அடியில் போகும் பிரேக் பைப், எர்த் ஒயர் போல்ட். கதவின் அடிவிளிம்பில் தண்ணீர் வடியச் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும், அவை மண்ணடைத்துக் கிடந்தால் உப்புத் தண்ணீர் உள்ளேயே நின்று கதவு அடியிலிருந்து உதிரும். மெல்லிய கம்பியால் குத்திவிடுங்கள்.

அடிப்பக்கம் முழுவதையும் நல்ல தண்ணீரால் பீய்ச்சிக் கழுவுங்கள். நல்ல தண்ணீர் என்று அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் கடலோர ஊர்களில் போர் தண்ணீரே உப்புக் கரிக்கும், அதில் வாட்டர் வாஷ் செய்தால் செய்யாததற்குச் சமம். துரு தெரிந்தால் சுரண்டி, காயவிட்டு, பிரைமர் அடித்த பிறகே கோட்டிங், அதாவது அடிப்பக்கத்துக்கான துருத் தடுப்புப் பூச்சு. ஈரத் துருவின்மேல் கோட்டிங் அடித்தால் உள்ளுக்குள்ளேயே அரித்துக்கொண்டு போகும்.

பேட்டரி முனையில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால் மைனஸ் ஒயரை முதலில், பிளஸ்ஸை அப்புறம் கழற்றி, சமையல் சோடா கரைத்த வெந்நீரைப் பழைய டூத்பிரஷ்ஷில் தொட்டுத் தேயுங்கள். துடைத்து, பிளஸ்ஸை முதலில் மாட்டி, மேலே வேசலின் பூசினால் நெடுநாள் தாங்கும்.

கேள்வி: மணலில் வண்டியை இறக்கலாமா? மாட்டிக்கொண்டால்?

இறக்காதீர்கள். ஆம்னிக்குப் பின்சக்கர இழுவை, 12 அங்குலச் சக்கரம், மணலில் உடனே புதையும். அதோடு ஜனவரி முதல் மார்ச் வரை இந்தக் கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறுகின்றன, டயர் தடத்தில் முட்டைக்குழி நசுங்கும்.

தவறிப்போய் மாட்டினால் ஆக்சிலேட்டரை மிதிக்காதீர்கள், மிதிக்க மிதிக்க ஆழமாகத்தான் இறங்கும். சக்கரத்துக்கு முன்னால் மணலைக் கையால் தோண்டிச் சரிவாக்கி, கால்மிதியோ பலகையோ செருகி, டயரில் காற்றைப் பாதியாகக் குறைத்து, மெதுவாக நகர்த்துங்கள். ரோட்டுக்கு வந்ததும் காற்று அடிக்காமல் வேகமெடுக்கக் கூடாது. சிகரெட் லைட்டரில் மாட்டும் சின்ன பம்ப் ஒன்று வண்டியில் கிடக்கட்டும்.

கேள்வி: அண்ணா, குழந்தைகளோடு வண்டியில் தூங்கும்போது ஏசியைப் போட்டு வைக்கலாமா?

கூடாதும்மா. நிறுத்திய வண்டியில் எஞ்சினை ஓடவிட்டுத் தூங்கவே கூடாது. சைலன்சரில் ஓர் ஓட்டை இருந்தாலும் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும், வாசனையே இருக்காது, தூக்கத்திலேயே உயிர் போய்விடும். 2024 டிசம்பரில் கேரளத்தில் வடகரைப் பக்கம் சாலையோரம் நிறுத்தியிருந்த கேரவனில் இரண்டு பேர் இப்படித்தான் இறந்துபோனார்கள், ஜெனரேட்டர் புகை உள்ளே கசிந்து. கரி அடுப்பையும் கேஸ் அடுப்பையும் வெளியே வைத்துச் சமையுங்கள்.

வெக்கைக்கு ஃபேன் போதும். 20 வாட் 12 வோல்ட் ஃபேன் எட்டு மணி நேரம் ஓடினால் 160 வாட்-மணி. தனியாக ஒரு 12 வோல்ட் 100 ஆம்பியர்-மணி பேட்டரி வைத்தால் மொத்தம் 1200 வாட்-மணி, லெட் ஆசிட் என்றால் பாதியைத்தான் பயன்படுத்த வேண்டும், அப்படியும் 600 வாட்-மணி கிடைக்கும். பேட்டரியின் பிளஸ் முனைக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் போடுங்கள். ஜன்னலுக்குக் கொசுவலை வெட்டிக் காந்தத்தில் ஒட்டிக்கொள்ளலாம்.

கேள்வி: படுக்கை போட்டால் ஆர்டிஓ பிரச்சினை வருமா?

மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52, ஆர்சியில், அதாவது வண்டியின் பதிவுச் சான்றிதழில், உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. சீட்டைக் கழற்றி வெல்டிங் வைக்கும் வேலை வேண்டாம். பின்சீட்டை மடக்கி அதன்மேல் எடுத்து மாட்டுகிற பிளைவுட் பலகை போட்டுக்கொண்டால் அது சாமான் கணக்குதான்.

கேள்வி: எந்த மாதம், எந்த வழி? தனுஷ்கோடியில் ராத்தங்க முடியுமா?

ஜனவரி முதல் மார்ச் வரை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, புயலும் அப்போதுதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம், மீனுக்காகப் போகிறவர்கள் அந்த 61 நாளைத் தவிர்க்கலாம்.

முதல் பயணத்துக்கு மாமல்லபுரம், புதுச்சேரி, தரங்கம்பாடி, வேளாங்கண்ணி, கோடியக்கரை போதும். தரங்கம்பாடியில் 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டைக்கு முன்னால் காலைவெயிலில் டீ போட்டுக் குடித்துப் பாருங்கள். தனுஷ்கோடியில் அரிச்சல்முனை வரை நல்ல ரோடு இருக்கிறது, ஆனால் இருட்டுவதற்கு முன் திருப்பி அனுப்பிவிடுவார்கள், ராமேஸ்வரத்தில் தங்கிக்கொள்ளுங்கள். தென்மேற்குக் காற்றுக் காலத்தில் அந்த ரோட்டில் மணல் பறக்கும், வந்ததும் ஏர் ஃபில்டரைத் தட்டுங்கள்.

குமரிப் பக்கம் கள்ளக்கடல் எச்சரிக்கை, அதாவது எங்கோ தொலைவில் கிளம்பிய பெரிய அலை சொல்லாமல் கரையேறும் என்ற எச்சரிக்கை, வந்தால் அலையில் கால்கூட வைக்காதீர்கள். 2024 மே மாதம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரை அலை இழுத்துக்கொண்டு போனது. அன்று அங்கே புயலும் இல்லை, மழையும் இல்லை.

கேள்வி: பெண்கள் உடன் வரும்போது இரவில் எங்கே நிறுத்துகிறீர்கள்? கழிப்பறை?

ஆளில்லாத கடற்கரையில் நிறுத்துவதில்லை. கோயில், சர்ச் பக்கத்தில் உள்ள கட்டண பார்க்கிங், இல்லையென்றால் சின்ன லாட்ஜில் ஓர் அறை எடுத்து வளாகத்துக்குள் வண்டி. வேளாங்கண்ணியில் ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை திருவிழா, நிறுத்த இடமே கிடைக்காது. இரவுக்குப் பெரிய பெட்ரோல் பங்க்கும் நல்லது, டேங்க் நிரப்பிவிட்டுக் கேட்டால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள், விளக்கும் கழிப்பறையும் இருக்கும். வெளியேறுகிற திசையைப் பார்த்து வண்டியைத் திருப்பி நிறுத்துங்கள், சாவி எப்போதும் ஒரே இடத்தில் இருக்கட்டும்.