ஜப்பானிய மொழியில் ஒருவரின் வயதை மரியாதையாகக் கேட்பது எப்படி?

பாடப்புத்தகத்தில் முதலில் வருவது 'நான்சாய் தெஸ் கா?'. சின்னப் பிள்ளைகளிடமும் கூடப் படிப்பவர்களிடமும் இது போதும். பெரியவர்களிடம் 'ஒஇகுட்சு தெஸ் கா?' என்று கேளுங்கள். 'இகுட்சு' என்றால் 'எத்தனை'. முன்னால் நிற்கும் 'ஒ' மரியாதைக்கு. 'ஒஇகுரா' என்று மாறிவிட்டால் விலை கேட்டதாகிவிடும், கவனம்.

அதற்கு முன்னால் 'ஷிட்சுரேய் தெஸு கா' என்று சேர்த்துக்கொள்ளுங்கள். 'தப்பா நினைக்காதீங்க' என்று நாம் ஆரம்பிப்போமே, அதே வேலைதான். இதன் கடைசியில் இருப்பது கேள்விக்கு வரும் 'கா' அல்ல; 'அங்காடி'யில் வரும் 'கா' போல ஒலிக்க வேண்டும்.

ஆனால் எவ்வளவு பணிவாகக் கேட்டாலும் எண்ணைச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்ற நெருக்கடி எதிரில் இருப்பவருக்கு வந்துவிடுகிறது. அதனால் எனக்குப் பிடித்த கேள்வி வேறு: 'நானிதோஷி தெஸ் கா?' அதாவது, எந்த விலங்கின் வருடத்தில் பிறந்தீர்கள்? எலியில் தொடங்கிக் காட்டுப்பன்றியில் முடியும் 12 விலங்குகள். ஜப்பானில் இந்த விலங்கு வருடம் ஜனவரி 1 அன்றே மாறிவிடும், கணக்குப் போடச் சுலபம். எத்தனையாவது சுற்று என்பது ஆளைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

நான் அங்கே இருந்தபோது கீழ்வீட்டுப் பாட்டியிடம் இப்படித்தான் கேட்டேன். 'தொரா' என்றார். புலி. அப்படியானால் 1938 என்று மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டேன். உடனே என்னுடையதைக் கேட்டார். நான் 1986, நானும் புலிதான். 'ஒனாஜி!' (ஒன்றேதான்!) என்று கைதட்டிச் சிரித்தார். 48 வருட இடைவெளி அந்த நொடியில் காணாமல் போனது. அப்புறம் என்னை எங்கே பார்த்தாலும் 'தொரா சான்' என்றுதான் கூப்பிடுவார். வயதை நேராகக் கேட்டிருந்தால் இந்த நெருக்கம் வந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

ஓர் இடத்தில் மட்டும் இதுவும் வேண்டாம். 60 வருடத்துக்கு ஒரு முறை வரும் 'ஹினோஎஉமா' எனும் நெருப்புக் குதிரை வருடத்தில் பிறந்த பெண்கள் கணவனுக்கு ஆகமாட்டார்கள் என்று ஒரு பழைய மூடநம்பிக்கை உண்டு. அதற்குப் பயந்தே, 1965இல் சுமார் 18 லட்சமாக இருந்த பிறப்புகள் 1966இல் சுமார் 13.6 லட்சமாகச் சரிந்தன. அந்த வருடம் பிறந்த பெண்கள் இந்தப் பேச்சைக் கேட்டே வளர்ந்திருப்பார்கள். அந்த வயதையொட்டித் தெரியும் பெண்களிடம் நான் விலங்கைக்கூடக் கேட்பதில்லை.