கேஸ் போட்டால் வால்வு போகுமா?
வாசகர் கேள்வி – பதில்: வாகனப் பகுதி

1988 மாடல் பெட்ரோல் அம்பாசிடர் வைத்திருக்கிறேன். ஆட்டோ எல்.பி.ஜி. கிட் போடலாம் என்று இருக்கிறேன். "கேஸ் போட்டால் வால்வு போய்விடும்" என்று மெக்கானிக் பயமுறுத்துகிறார். உண்மையா?
– வாசகர், காரைக்குடி

பாதி உண்மை. உங்கள் வண்டியில் இருப்பது 1489 சி.சி. எஞ்சின். சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட் வார்ப்பிரும்பு. வால்வு உட்காரும் சீட், தனி வளையமாக இல்லாமல் அந்த வார்ப்பிரும்பிலேயே கடைந்தது. ஈயம் கலந்த பெட்ரோல் இருந்த காலத்தில், எரிந்தபின் மிஞ்சும் ஈயப் படிவு சீட்டின் மேல் மெத்தை போலப் படிந்து தேய்மானத்தைத் தடுத்தது. 2000-இல் நாடு முழுக்க ஈயமில்லாத பெட்ரோல் வந்ததும் அந்தப் பாதுகாப்பு போயிற்று. கேஸ் இன்னும் உலர்வாக எரிகிறது. அதனால் எரிந்த புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வு கொஞ்சம் கொஞ்சமாக ஹெட்டுக்குள் புதைகிறது. ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த தேய்மானத்தை கேஸ் வேகப்படுத்துகிறது, அவ்வளவுதான்.

கண்டுபிடிக்க ஹெட்டைக் கழற்ற வேண்டாம். எக்ஸாஸ்ட் வால்வுகளின் டேப்பட் இடைவெளியை (வால்வுக்கும் அதை அழுத்தித் திறக்கும் கைக்கும் நடுவே உள்ள சந்து), எஞ்சின் ஆறியிருக்கும்போது அளந்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். 3,000 கி.மீ. கழித்து மறுபடி அளங்கள். இடைவெளி குறைந்திருந்தால் வால்வு உள்ளே போகிறது என்று பொருள். பலர் தலைகீழாக நினைக்கிறார்கள்: டேப்பட் சத்தம் அடங்கியது நல்லது என்று சந்தோஷப்படுவார்கள். இடைவெளி முழுக்கப் போய்விட்டால் வால்வு மூடாது. அப்புறம் கருகும்.

நிரந்தரத் தீர்வு, எஞ்சின் பட்டறையில் ஹெட்டைக் கொடுத்து நான்கு எக்ஸாஸ்ட் சீட்டையும் கடைந்து, கடினமான எஃகு வளையம் இறக்குவது. வால்வை நேராக ஏறி இறங்கப் பிடித்திருக்கும் கைடு தேய்ந்திருந்தால் அதையும் அப்போதே மாற்றிவிடுங்கள். கைடு ஆடினால் புதுச் சீட்டும் கோணலாகத் தேயும். இந்த ஹெட்டில் தண்ணீர் வழி சீட்டுக்குப் பக்கத்திலேயே போகிறது. ஆழமாகக் கடைந்தால் ஓட்டை விழும். அதனால் அம்பாசிடர் ஹெட் பார்த்துப் பழகிய பட்டறையாகத் தேடுங்கள்.

கிட் வாங்குவதற்கு முன்பே கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் எழும் அழுத்தம், பாருங்கள். நான்கு சிலிண்டருக்கும் வித்தியாசம் 10 சதவீதத்துக்குள் இருந்தால் போடலாம். அதைத் தாண்டினால் முதலில் எஞ்சின் வேலை, பிறகு கேஸ். தளர்ந்த எஞ்சினில் கிட் மாட்டுவது இடிகிற வீட்டுக்கு வெள்ளையடிப்பது.

கார்புரேட்டர் மாருதி 800-இல் கிட் போட்டு ஆறு மாதம் ஆகிறது. கேஸில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் 'பட்' என்று வெடித்து, ஏர் ஃபில்டர் டப்பா மூடியே கழன்றுவிட்டது. பெட்ரோலில் இந்தத் தொல்லை இல்லை.
– வாசகர், திருப்பூர்

பெட்ரோலில் இல்லை என்பதாலேயே கேஸ் கிட்மேல் பழி போடாதீர்கள். எல்.பி.ஜி. கலவையைப் பற்றவைக்க பிளக்கில் கூடுதல் வோல்டேஜ் வேண்டும். பெட்ரோலில் எப்படியோ சமாளித்த தளர்ந்த ஒயர், விரிசல் விட்ட டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, தேய்ந்த ரோட்டர் எல்லாம் கேஸில் அம்பலமாகும். ஒரு சிலிண்டரில் பொறி தவறினால், அல்லது கலவை மெலிந்து மெதுவாக எரிந்தால், இன்டேக் வால்வு திறக்கும்போதும் உள்ளே நெருப்பு இருக்கும். கேஸையும் காற்றையும் கலக்கும் மிக்ஸரில் இருந்து சிலிண்டர் வரை குழாய் முழுக்கக் கேஸ் கலவை இருப்பதால் அது அப்படியே வெடிக்கிறது.

செய்ய வேண்டியது இந்த வரிசையில்: புது பிளக் மூன்று, இடைவெளி 0.8 மி.மீ. இருந்தால் 0.65 ஆகக் குறையுங்கள். பிளக் ஒயர், மூடி, ரோட்டர் மாற்றுங்கள். டைமிங்கை (பொறி விழும் நேரம்) 2 முதல் 4 டிகிரி முன்னே தள்ளலாம்; பெட்ரோலில் ஓட்டும்போது தட்டுச் சத்தம் வந்தால் கொஞ்சம் பின்னுக்குக் கொண்டுவாருங்கள். ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறதா பாருங்கள். இவ்வளவுக்கும் பிறகுதான் கேஸ் அளவை மாற்றும் ஸ்க்ரூவைத் தொட வேண்டும். முதலில் திரவக் கேஸை ஆவியாக்கும் வேப்பரைசரில் ஐடில் ஸ்க்ரூ, பிறகு சுமார் 3,000 சுற்றில் பெரிய குழாயில் உள்ள பவர் ஸ்க்ரூ. மைலேஜ் ஆசையில் கேஸை இறுக்கி வைத்தால் வெடிப்பும் வரும், வால்வும் சூடேறும். அநேகமாக உங்கள் வண்டியில் யாரோ அதைத்தான் செய்திருக்கிறார்கள்.

ஊட்டியில் காலையில் பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து கேஸுக்கு மாற்றினால் சிறிது தூரத்தில் வண்டி நின்றுவிடுகிறது. வேப்பரைசர் மேல் பனி படிந்திருக்கிறது.
– வாசகர், குன்னூர்

டேங்கில் இருந்து கேஸ் திரவமாகத்தான் வருகிறது. அது ஆவியாக வெப்பம் வேண்டும். அந்த வெப்பத்தை ரேடியேட்டர் தண்ணீர் கொடுக்கிறது. பனி படிந்தால் அங்கே சூடான தண்ணீர் சுற்றவில்லை. தண்ணீர் மட்டம் குறைவு, குழாயில் காற்று அடைப்பு, வேப்பரைசரை ரேடியேட்டர் மட்டத்துக்கு மேலே பொருத்தியது, இவை மூன்றையும் பாருங்கள். நான்காவது ஒன்று நம் ஊருக்கே உரியது: வண்டி சூடேறுகிறது என்று யாராவது, எஞ்சின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்குப் போகவிடாத தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிந்திருப்பார்கள். அதை மறுபடி போடுங்கள். தண்ணீர் 40 டிகிரியாவது தொட்ட பிறகே கேஸுக்கு மாற்றுங்கள்.

மாற்றும்போது ஸ்விட்சை நடுவில் (பெட்ரோலும் கேஸும் வராத நிலை) வைத்து, கார்புரேட்டரில் மிச்சமுள்ள பெட்ரோல் தீரும் தறுவாயில் கேஸுக்குத் தள்ளவும். இரண்டும் சேர்ந்தால் எஞ்சின் திணறும்.

கேஸில் லாபம் உண்டா?
– வாசகர், சேலம்

ஒரு லிட்டர் கேஸில் பெட்ரோலைவிட ஆற்றல் குறைவு. பெட்ரோலுக்கு 15 கி.மீ. கொடுத்த வண்டி கேஸுக்கு 12 கொடுத்தால் நல்ல ட்யூனிங். எனவே கேஸ் விலை பெட்ரோல் விலையில் 80 சதவீதத்துக்குக் கீழ் இருந்தால்தான் லாபம் தொடங்கும். டேங்கை 80 சதவீதம்தான் நிரப்பலாம். 60 லிட்டர் டேங்கில் 48 லிட்டர் பிடிக்கும். மீதி இடம் வெயிலில் திரவம் விரிய. இழுவை கொஞ்சம் குறையும், மலை ஏற்றத்தில் தெரியும்.

வீட்டு சிலிண்டரையே டிக்கியில் வைத்து ஓட்டலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

கூடாது. சட்டப்படி குற்றம். தவிர, வீட்டு சிலிண்டரில் 80 சதவீதத்தில் நிரப்புவதை நிறுத்தும் அமைப்போ, குழாய் அறுந்தால் தானே மூடும் வால்வோ கிடையாது. வாகன டேங்கின் மல்டி வால்வில் இரண்டும் உண்டு. கசியும் கேஸ் காற்றைவிடக் கனமானது, டிக்கித் தரையில் தேங்கி நிற்கும். அங்கீகாரம் பெற்ற கிட் போட்டு, ஆர்.சி. புத்தகத்தில் பதிந்து, இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கும் எழுதிக் கொடுங்கள். டேங்கை 5 ஆண்டுக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும். கசிவை சோப்பு நுரை வைத்து மட்டும் பாருங்கள், தீக்குச்சி வேண்டாம்.