அறைக்கு வெளியே காத்திருக்கும் அம்மாவுக்கு

கேள்வி: என் மகனுக்கு ஏழு வயது. எதைச் சொன்னாலும் 'மாட்டேன்' என்கிறான். கோபம் வந்தால் கையில் கிடைத்ததை வீசுகிறான், தங்கையை அடிக்கிறான். நான்கு மாதங்களாக வாரம் ஒருமுறை உளவியல் ஆலோசகரிடம் அழைத்துப் போகிறேன். அவனை மட்டும் உள்ளே கூப்பிட்டு, முக்கால் மணி நேரம் கழித்து அனுப்புகிறார். "நன்றாகப் பேசுகிறான், பொறுமையாக இருங்கள்" என்கிறார். வீட்டில் ஒரு மாற்றமும் இல்லை. உள்ளே என்னதான் நடக்கிறது? கேட்டால் தவறாக எடுத்துக்கொள்வாரோ?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: தாராளமாகக் கேளுங்கள். நான்கு மாதம் கேட்காமல் இருந்ததே அதிகம்.

உள்ளே என்ன நடக்கிறது என்று ஆய்வாளர்களும் கேட்டிருக்கிறார்கள். அமெரிக்காவின் சான் டியேகோவில் ஆன் கார்லண்ட் என்பவரும் அவருடைய குழுவினரும், உங்கள் மகனைப் போன்ற நடத்தைச் சிக்கல் உள்ள பிள்ளைகளுக்கான சிகிச்சை அமர்வுகளை வீடியோவில் பதிவு செய்தார்கள். 4 முதல் 13 வயது வரையிலான 191 பிள்ளைகள். அலசிப் பார்த்த அமர்வுகள் 1,215. 2010இல் முடிவுகள் வெளிவந்தன. சிகிச்சையாளர்கள் சும்மா இருக்கவில்லை. பல உத்திகளைத் தொட்டார்கள், ஆனால் எதிலும் ஆழமாக இறங்கவில்லை. உணர்வுகளைப் பற்றிச் சொல்லித் தருவதும் பாராட்டுவதும் அடிக்கடி நடந்தன. நடித்துப் பழகுவதும், வீட்டில் செய்ய வேண்டியதைச் சொல்லி அனுப்பி, அடுத்த வாரம் 'செய்தீர்களா?' என்று கேட்பதும் அரிதாகவே இருந்தன.

எனக்கு உறுத்துவது அந்தக் கடைசி விஷயம்தான். உங்கள் மகன் ஆலோசகர் முன்னால் சமர்த்தாக இருப்பது நடிப்பில்லை. அங்கே அவனை யாரும் பல் தேய்க்கச் சொல்வதில்லை, தங்கையும் கிடையாது. சண்டை பிறக்கும் இடம் உங்கள் வீடு.

அது எப்படிப் பிறக்கிறது என்பதை ஜெரால்ட் பேட்டர்சன் என்ற உளவியலாளர் பல ஆண்டுகள் குடும்பங்களைக் கவனித்து விளக்கினார். அம்மா ஒன்றைச் செய்யச் சொல்கிறார், பிள்ளை கத்துகிறான். அம்மா குரலை உயர்த்துகிறார், அவன் இன்னும் கத்துகிறான். கடைசியில் அலுத்துப்போய் 'சரி, விடு' என்கிறார். கத்தினால் வேலை மிச்சம் என்று பிள்ளை கற்றுக்கொள்கிறான். விட்டுக்கொடுத்தால் வீடு அமைதியாகும் என்று அம்மாவும் கற்றுக்கொள்கிறார். இருவருக்கும் அந்த நிமிடத்தில் லாபம் கிடைப்பதால்தான் இந்தச் சுழல் இவ்வளவு உறுதியாக நிற்கிறது. 'அப்படியானால் தப்பு என்மேலா?' என்று கலங்காதீர்கள். சில பிள்ளைகள் பிறவியிலேயே சட்டென்று சூடாகிறவர்கள். அவர்களிடம் எவரும் இந்தச் சுழலில் விழலாம். சுழலை அறுக்கும் வாய்ப்பு மட்டும் ஏழு வயதுக்காரனைவிட உங்கள் கையில் அதிகம்.

அதனால்தான் இந்த வயதில் நன்கு சோதிக்கப்பட்ட சிகிச்சைகள் பெரும்பாலும் பெற்றோருக்கான பயிற்சியாகவே இருக்கின்றன. 3 முதல் 11 வயது வரையிலான இத்தகைய பிள்ளைகளின் பெற்றோருக்குப் பயிற்சி தர வேண்டும் என்றுதான் 2013இல் பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டு நெறிகளை வகுக்கும் நைஸ் அமைப்பு பரிந்துரைத்தது. ஷீலா ஐபெர்க் என்ற உளவியலாளர் 1970களில் உருவாக்கிய முறை எனக்கு மிகவும் பிடித்தது. அம்மாவும் பிள்ளையும் அறைக்குள் விளையாடுவார்கள். சிகிச்சையாளர் ஒருவழிக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து, அம்மாவின் காதில் மாட்டிய கருவி வழியாக 'இப்போது பாராட்டுங்கள்', 'இதைக் கண்டுகொள்ளாதீர்கள்' என்று சொல்லிக்கொண்டே இருப்பார். முதல் கட்டத்தில் கேள்வி, கட்டளை, குறை மூன்றும் கூடாது. பிள்ளை செய்வதை விவரிக்கலாம், பாராட்டலாம். வீட்டிலும் தினமும் ஐந்து நிமிடம் அதே பழக்கம். ஐந்து நிமிடம்தானே என்று நினைக்காதீர்கள். கேள்வி கேட்காமல் ஒரு பிள்ளையோடு விளையாடிப் பாருங்கள், தெரியும்! உறவு இளகிய பிறகுதான் சுருக்கமாக, தெளிவாகக் கட்டளையிடவும், மீறினால் முன்பே சொன்ன விளைவைக் கத்தாமல் நிறைவேற்றவும் கற்றுத்தருவார்கள்.

ஆகவே அடுத்த முறை உள்ளே நீங்களும் போங்கள். இந்த மாதம் எந்த நடத்தையை மாற்ற முயல்கிறோம், வீட்டில் நான் என்ன செய்ய வேண்டும், அதை உங்கள் முன்னால் செய்து காட்டினால் திருத்துவீர்களா என்று கேளுங்கள். நல்ல ஆலோசகர் மகிழ்வார். மழுப்பினால், பெற்றோர் பயிற்சி அளிக்கும் வேறொருவரைத் தேடுவதில் தயக்கம் வேண்டாம். கவனக்குறைவு, கற்றல் சிரமம், தூக்கமின்மை, பள்ளியில் யாரிடமாவது பயம் இவையெல்லாம் பார்க்கப்பட்டனவா என்றும் விசாரியுங்கள்.

ஒரு எச்சரிக்கை. சிணுங்கலையும் கூச்சலையும் கண்டுகொள்ளாமல் விடத் தொடங்கினால், சில நாட்கள் அது கூடும். பழைய சாவி திறக்கவில்லையே என்று இன்னும் பலமாகத் திருகுகிறான், அவ்வளவுதான். தங்கையை அடிப்பதை மட்டும் அப்படி விடக் கூடாது, உடனே பிரித்துவிடுங்கள்.

இந்த வாரம் ஒரு தாளில் ஒவ்வொரு சண்டைக்கும் மூன்று வரி எழுதுங்கள்: முன்னால் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், பிறகு நீங்கள் என்ன செய்தீர்கள். அந்தத் தாளோடு உள்ளே போங்கள்.